கேளுங்க அண்ணாச்சி: எவர்சில்வர் பிஸ்டல்

போன மாதம் ராணுவ வாழ்க்கையைப் பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்த சமயம் மருமகனோடு ஒரு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகுகிற இடத்துக்குப் போய் எவர்சில்வரில் செய்த முழு அளவு 1911 பிஸ்டலைச் சுட்டுப் பார்த்தேன் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பிஸ்டலைப் பற்றித்தான். நான் 22 வருஷம் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்க்கிறவனாக இருந்தவன், இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். அதனால் இந்த மாதம் வேறு கேள்விகள் கிடையாது.

அண்ணாச்சி, என் மகன் டாலஸில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் ரேஞ்சில் சுடுவதற்காக எவர்சில்வர் 1911 ஒன்று வாங்கப் போகிறானாம். போட்டோ அனுப்பினான், பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. வீட்டில் நாலு வயதுப் பேரன் இருக்கிறான். இது நல்ல பிஸ்டலா? இவனுக்கு ஏன் இது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

டீச்சர், முதலில் பேரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிஸ்டல் அப்புறம். மகனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: பூட்டுகிற இரும்புப் பெட்டி வாங்கியாச்சா, தோட்டாக்களை வேறு இடத்தில் பூட்டி வைக்கிறானா, சாவி எங்கே இருக்கும். அலமாரி மேல்தட்டில் துணிக்கு அடியில் வைப்பேன் என்று சொன்னால் வாங்காதே என்று உறுதியாகச் சொல்லுங்கள். நாலு வயதுப் பையனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு ஏறத் தெரியும், நாம் மிட்டாய் ஒளித்து வைக்கிற இடமெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். ரேஞ்சுக்கு என்றால் உங்கள் மகன் நல்லதாகத்தான் பார்த்திருக்கிறான். ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது, பெயரே அந்த வருஷம்தான். 1985-இல் 9 மில்லிமீட்டர் பெரெட்டா வரும் வரைக்கும் அவர்களுடைய ராணுவத்தில் முதன்மைப் பிஸ்டல் இதுதான். முழு அளவு என்றால் பேரல், அதாவது குழல், 5 அங்குலம், காலியாக இருக்கும்போதே கிட்டத்தட்ட 1,100 கிராம் எடை. கையில் வாங்கியதும் நமக்கு முதலில் படுவது இந்த எடைதான், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையில் நீட்டிப் பிடிப்பது போல. இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறவனுக்கு அது பாரம். ரேஞ்சில் நின்று நிதானமாகச் சுடுகிறவனுக்கோ அந்தப் பாரம்தான் துணை, ஏனென்றால் .45 தோட்டாவின் குண்டு (.45 என்பது அதன் விட்டம், அங்குலக் கணக்கில்) மட்டும் 15 கிராம், அது வெளியே போகும்போது கொடுக்கிற உதையில் பெரும்பகுதியை அந்த இரும்பே வாங்கிக்கொள்கிறது. சட்டம், அதாவது அடிப்பாகம், எடை குறைந்த அலுமினியத்தில் செய்த பிஸ்டலில் அதே தோட்டாவைச் சுட்டால் மணிக்கட்டில் வெடுக்கென்று அடிக்கும். இதில் யாரோ உள்ளங்கையை வைத்துப் பின்னால் தள்ளுவது போல இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் ட்ரிக்கர். நிறையப் பிஸ்டல்களில் அது ஒரு ஆணியைச் சுற்றி வளைந்து வரும், 1911-இல் நேராகப் பின்னால் நகரும். தூரம் கொஞ்சம். சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்போமே, பிஞ்சாக இருந்தால் டக்கென்று ஒடியும், நல்ல 1911-இன் ட்ரிக்கர் அப்படித்தான் விடுபடும். அதனால் விரல் பிஸ்டலை அசைக்கிற வாய்ப்புக் குறைகிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அமெரிக்காவில் இலக்குச் சுடுகிறவர்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்கு இதைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

போட்டோவில் உங்களைப் பயமுறுத்தியது பின்னால் இழுத்து நிற்கிற குதிரையாக, அதாவது ஊசியை அடிக்கிற சுத்தியலாக, இருக்க வேண்டும். இந்த வகையில் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் குதிரை முன்கூட்டியே பின்னால் இழுபட்டு நிற்க வேண்டும், ட்ரிக்கர் அதை விடுவிக்க மட்டுமே செய்யும். அதற்காகவே இரண்டு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். ஒன்று கட்டைவிரலால் தள்ளுகிற பூட்டு. இன்னொன்று பிடியின் பின்பக்கம், உள்ளங்கை அழுத்தாமல் ட்ரிக்கர் நகராது. ஆனால் எந்தப் பூட்டும் மனிதனுடைய விரலுக்கு மாற்று இல்லை, சுடுகிற நொடி வரை விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே, முனை எப்போதும் இலக்குப் பக்கம்.

அவன் புதியவன் என்றால் முதலில் ஆறு மாதம் .22-இல் பழகச் சொல்லுங்கள். 1911-இன் அடிப்பாகத்திலேயே மாட்டுகிற .22 மேல்பாகம் தனியாகக் கிடைக்கிறது. கடைசியாக ஒன்று, இது ரொம்ப முக்கியம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்கு வரும்போது கொண்டுவரவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையின் மூலையில் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்து, நம்ம ஊர் விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்து, தங்கை கல்யாணத்துக்கு வந்த பையன் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். உரிமம் இல்லாமல் இந்தியாவில் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் வழக்குத்தான்.

எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காதா? நம்ம வீட்டுத் தம்ளரும் அந்தப் பிஸ்டலும் ஒரே இரும்பா?
– லேத் பட்டறைத் தொழிலாளி, பேட்டை

ஒரே குடும்பம், வேறு வேறு பிள்ளைகள். உங்களுக்குக் காந்தம் கையில் இருக்கும், வீட்டுத் தம்ளரில் வைத்துப் பாருங்கள், நல்ல தம்ளரென்றால் பெரும்பாலும் ஒட்டாது. அது 304 ரகம், குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் சேர்ந்தது, சூடாக்கி முக்கினாலும் கடினப்படாது. பிஸ்டலின் ஸ்லைடுக்கும் (முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பாகம்) பேரலுக்கும் பெரும்பாலும் 416 ரகம் போடுகிறார்கள். அதில் காந்தம் கப்பென்று பிடிக்கும், வெப்பப்பதம் கொடுத்துக் கடினமாக்கலாம், கடைசல் வேலைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் கந்தகமும் சேர்த்திருப்பார்கள். குரோமியம் 12 முதல் 14 சதவீதம், கந்தகமும் இருக்கிறது, அப்படியென்றால் தம்ளரை விடத் துரு பிடிக்கிற வாய்ப்பு அதிகம் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். பிடிக்காது என்பது தப்பு, மெதுவாகப் பிடிக்கும் என்பது சரி. வியர்வை, உப்புக் காற்று இரண்டும் எதிரி. உவரியிலும் மணப்பாட்டிலும் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று பார்த்திருப்பீர்கள், அந்தக் காற்றில் எண்ணெய் தடவாமல் ஒரு வாரம் வைத்தால் எவர்சில்வர் பிஸ்டலிலும் செம்பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவரிடம் கொடுத்த வேலையே துப்பாக்கிக் குழல் சீக்கிரம் அரித்துப் போகாத இரும்பு ஒன்றைத் தேடுவதுதான். 1913-இல் குரோமியம் சேர்த்து உருக்கிப் பார்த்தபோது கிடைத்தது இந்தத் துருவேறா இரும்பு. ஆனால் அது முதலில் போனது சாப்பாட்டு மேசைக் கத்திக்கு, அப்புறம் நம்ம பாத்திரக் கடைக்கு. துப்பாக்கிக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு ஆனது. முழுக்க எவர்சில்வரில் செய்த முதல் ரிவால்வர் 1965-இல்தான் வந்தது, ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 60. எவர்சில்வர் 1911 அதற்கும் பிறகு, 1977-இல்.

ஏன் அவ்வளவு தாமதம்? பதில் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை எண்ணெய் இல்லாமல் ஏற்றி இறுக்கினால் பாதியில் கடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிற பையன்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பிஸ்டலிலோ ஸ்லைடும் சட்டமும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்றின் மேல் ஒன்று உரசி ஓடுகின்றன, இரண்டும் ஒரே எவர்சில்வர், ஒரே பதம் என்றால் அங்கேயும் அதே கடிதான், ஆரம்பத்தில் வந்த எவர்சில்வர் பிஸ்டல்களுக்கு இந்தக் கெட்ட பெயர் நிறைய இருந்தது. பின்னால் இரண்டு பாகத்துக்கும் ரகத்தையோ கடினத்தையோ கொஞ்சம் மாற்றிப் போட்டுச் சரி செய்தார்கள். இருந்தாலும் ஓடுதடத்தில் எண்ணெய் காயவே விடக் கூடாது. மருமகனுடைய பிஸ்டலை மேசையில் பிரித்தபோது தடத்தை விரலால் தொட்டேன், வறட்டென்று இருந்தது. இருநூறு குண்டு சுட்டுவிட்டு எண்ணெய் போடாமல் வைத்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு சொட்டு விட்டு ஸ்லைடை நாலு முறை முன்னும் பின்னும் ஓட்டினதும் அதுவரை கரகரத்தது வெண்ணெய் மாதிரி ஓடியது.

எவர்சில்வரில் இன்னொரு வசதி. 1911-ஐத் திரும்பப் பூட்டும்போது ஸ்லைடு ஸ்டாப் என்ற முளையை அவசரமாகத் தள்ளினால் சட்டத்தின் இடது பக்கத்தில் வில் மாதிரி ஒரு கீறல் விழும். புதிதாக வாங்கின முக்கால்வாசிப் பேர் முதல் மாதமே போட்டுவிடுவார்கள். கறுப்புப் பூச்சு என்றால் அந்தக் கீறல் ஆயுசுக்கும் நிற்கும். மங்கலான எவர்சில்வரில், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்து, ஏற்கெனவே ஓடுகிற கோட்டின் திசையிலேயே லேசாக இழுத்தால் மறைந்துவிடும். குறுக்கே தேய்த்தால் கெட்டது.

வாஞ்சிநாதன் வைத்திருந்ததும் பிரவுனிங் பிஸ்டல் என்று எங்க தாத்தா சொல்வார். அது இந்த 1911-ஆ?
– கல்லூரி மாணவர், செங்கோட்டை

இல்லை தம்பி, ஆனால் தாத்தா சொன்னது சரி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷை உங்கள் ஊர்க்காரர் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். வடிவமைத்தவர் அதே ஜான் பிரவுனிங். அவருடைய கைத்துப்பாக்கிகளை ஐரோப்பாவுக்காகப் பெல்ஜியத்திலும் தனியாகத் தயாரித்தார்கள், அவை சிறியவை, தோட்டாவும் சிறியது. மார்ச் கடைசியில் அவருடைய பெரிய பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றது, மூன்று மாதம் முடிவதற்குள் அவருடைய இன்னொரு பிஸ்டல் நம்ம மணியாச்சியில் வெடித்தது. அப்போது மணியாச்சி திருநெல்வேலி ஜில்லா, 1986-இல் மாவட்டம் பிரிந்த பிறகு தூத்துக்குடி. அந்த ஸ்டேஷனில் ரயில் மாறும்போதெல்லாம் 25 வயதுப் பையன் ஒருவன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு செத்துப் போனதை நினைக்காமல் எனக்கு ஒரு தடவைகூட நடக்க முடிந்ததில்லை.

பிரவுனிங் 1926-இல் பெல்ஜியத்தில், வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலையிலேயே இறந்தார். அவர் பாதியில் விட்ட கடைசிப் பிஸ்டலை இன்னொருவர் முடித்து 1935-இல் வெளியிட்டார்கள். அதன் வழி வந்ததுதான் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்து நம்ம ராணுவத்துக்குக் கொடுக்கிற 9 மில்லிமீட்டர் பிஸ்டல், 13 தோட்டா பிடிக்கும். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் பிரித்து மாட்டினது அதைத்தான். அதனால் டெக்சாஸில் 1911-ஐ முதல் தடவை கையில் வாங்கிப் பிரித்தபோது புதுசாகவே தெரியவில்லை, குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்து பின்னால் வந்து, குழலின் பின்பக்கம் கீழே இறங்கிப் பூட்டு விடுகிற அந்த வித்தை அப்படியே இருந்தது. 1911-இல் குழலைக் கீழே இழுப்பது சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு லிங்க், எங்கள் பிஸ்டலில் லிங்குக்குப் பதில் குழலோடு சேர்ந்த ஒரு மேடு.

இங்கே நம்ம ஊரில் இந்த 1911-ஐ லைசென்ஸ் எடுத்து வாங்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?
– வியாபாரி, வள்ளியூர்

ஆசையை வளர்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியைப் பொதுமக்கள் இறக்குமதி செய்ய முடியாது, தகுதி பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும் தேசிய ரைபிள் சங்கம் வழியாக அந்தச் சலுகை உண்டு. 9 மில்லிமீட்டர் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைத்தாலும் பெரும்பாலும் வாங்க முடிகிறது நம்ம நாட்டிலேயே செய்கிற .32 பிஸ்டலோ ரிவால்வரோதான். லைசென்ஸுக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும், பயிற்சிச் சான்று வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், கடையம், களக்காடு பக்கம் ரெட்டைக்குழல் வைத்திருக்கிற விவசாயிகளுக்கு இந்த அலைச்சல் நன்றாகத் தெரியும். அப்புறம் .45 என்று ஆசைப்படுவதால் உலகப் போட்டிக்கும் பயனில்லை, சர்வதேச விதிப்படி 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 9.65 மில்லிமீட்டருக்கு மேல் குண்டு கூடாது. .45 அதைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் உள்நாட்டு இலக்குப் போட்டியில்தான் அதற்கு இடம்.

அண்ணாச்சி, அச்சு அசல் 1911 மாதிரியே எவர்சில்வர் கலரில் கேஸ் அழுத்தத்தில் சுடுகிற பொம்மைப் பிஸ்டல் ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்டேட்டஸ் போட்டால் கெத்தாக இருக்கும் என்று பையன்கள் சொல்கிறார்கள். தப்பா?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி டவுன்

தப்புதான் தம்பி, போடாதே. நம்ம மாவட்டத்தில் ஒரு போட்டோவுக்குப் பின்னால் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பார்க்கிறவனுக்கு அது பொம்மையா நிஜமா என்று தெரியாது, போலீஸுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரமும் இருக்காது. உன் பெயருக்கு எதிரே ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் நாளைக்கு பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் நீதான் அலைய வேண்டும். அதை வீட்டுக்குள் சுடுவதாக இருந்தாலும் கண்ணாடி போட்டுக்கொள், அதில் போடுகிற இரும்பு மணி சுவரில் பட்டால் அப்படியே உன் முகத்துக்குத் திரும்பி வரும். ஈயப் பெல்லட் என்றால் நசுங்கிவிடும், இரும்பு நசுங்காது. சுடுவதில் உண்மையாகவே ஆசை இருந்தால் இதற்கு அடுத்த பதிலைப் படி, அது உனக்கும்தான்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததில் இருந்து பிஸ்டல், பிஸ்டல் என்கிறாள். எங்கே ஆரம்பிப்பது? இவ்வளவு எடையை இவள் தூக்குவாளா?
– பீடி சுற்றும் தாய், முக்கூடல்

தூக்குவாள், தாயி. அவளுக்கு 1911 வேண்டாம், ஏர் பிஸ்டல் போதும், மனு பாக்கர் பதக்கம் வாங்கியதும் அதில்தான். 4.5 மில்லிமீட்டர் பெல்லட், காற்றழுத்தத்தில் போகும், வெடிமருந்து கிடையாது. அந்த அளவுக்குள், 20 ஜூலுக்கு மேல் போகாத விசை என்றால் லைசென்ஸ் வேண்டாம். விதிப்படி 1,500 கிராம் வரை எடை இருக்கலாம், ஆனால் அவளுக்கு ஒரு கிலோவுக்கு உள்ளேயே பார்க்கலாம். ஒரே கையால் பிடிக்க வேண்டும், பத்து மீட்டர் தூரம், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். டெக்சாஸில் நான் சுட்ட அந்த .45 குண்டு இருக்கிறதே, அதன் விட்டமும் கிட்டத்தட்ட அதே 11.5. குண்டு போட்ட ஓட்டை அளவுக்குள் பெல்லட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உடனே பிஸ்டல் வாங்காதீர்கள், போட்டித் தரத்தில் உள்ளவை லட்சக்கணக்கில் போகும், உங்கள் உழைப்புக்கு அது ரொம்பப் பெரிய தொகை. பக்கத்து ரைபிள் கிளப்பில் விசாரியுங்கள், பள்ளி என்.சி.சி. ஆசிரியரைக் கேளுங்கள், ஆரம்பத்தில் கிளப் பிஸ்டலிலேயே பழகலாம். அதுவரைக்கும் வீட்டில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தோள் உயரத்துக்கு நீட்டி, சுவரில் ஒட்டின ஒரு கறுப்புப் பொட்டைப் பார்த்தபடி பதினைந்து நொடி நிற்கட்டும், இறக்கி ஓய்வு எடுத்து மறுபடியும். காலையில் பத்து, சாயங்காலம் பத்து. ஒரு மாதத்தில் கை நடுக்கம் குறைவது அவளுக்கே தெரியும். கிளப்பில் சேர்ந்த பிறகு பெல்லட் போடாமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்துப் பழகச் சொல்வார்கள், சலிப்பாக இருக்கிறது என்பாள், விடாதீர்கள், ஆயிரம் முறை சும்மா இழுத்த விரல்தான் நிஜமாகச் சுடும்போது நடுங்காமல் இருக்கும்.

நான் மஸ்கட்டில் இருந்தபோது நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போவேன். எவ்வளவு குறி பார்த்தாலும் குண்டு இடது பக்கம் கீழேதான் விழும். பிஸ்டலில் கோளாறா?
– வீரவநல்லூர் வாசகர்

வலது கைக்காரர் என்றால் பிஸ்டலில் கோளாறு இல்லை. வெடிக்கப் போகிறது என்று தெரிந்து கடைசி நொடியில் விரலோடு சேர்த்து மொத்தக் கையையும் இறுக்குகிறீர்கள், முனை கீழே இடது பக்கம் சாய்கிறது. கண்ணையும் இலக்கின் மேல் வைத்திருப்பீர்கள். பார்வை முன்குறியின், அதாவது பிஸ்டல் முனையின் மேலே உள்ள சின்ன மேட்டின் மேல் நிற்க வேண்டும், அதன் ஓரம் கத்தி மாதிரித் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும்.

அடுத்த முறை வெளிநாட்டு ரேஞ்சுக்குப் போகும்போது, அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டு, அனுமதித்தால், காலிப் பிஸ்டலின் முன்குறி மேல் ஒரு நாணயத்தைப் படுக்க வைத்துவிட்டு ட்ரிக்கரை இழுத்துப் பாருங்கள். முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காருகிற அறையை விரல் விட்டுத் தடவிப் பார்த்துக் காலிதான் என்று உறுதி செய்துகொண்டு, முனையை இலக்குப் பக்கமே வைத்துச் செய்ய வேண்டும். 1911 மாதிரிப் பிஸ்டலில் இப்படிச் செய்யலாம், .22-இல் செய்யாதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் அடித்து அதைக் கெடுத்துவிடும். மருமகன் என் முன்னால் செய்தபோது முதல் ஏழு தடவையும் காசு கீழே விழுந்தது. அப்புறம் அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, காசு விழுகிற சத்தம் மட்டும்தான், நேரம் ஆக ஆக அந்தச் சத்தத்துக்கு இடையில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. சாயங்காலம் 25 கஜத்தில் அட்டையை இழுத்துப் பார்த்தபோது ஏழு ஓட்டையில் ஐந்து நடு வட்டத்துக்குள் இருந்தது.